மீனாட்சி என்ற பெயருள்ள அப்பத்தாக்களைத் தேடுகிறேன்

எல்லோருக்கும் வணக்கம். மேலூர்ப் பக்கத்து உறவுகள் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள், உங்கள் உதவி வேண்டும்.

எங்க அப்பத்தா பெயர் மீனாட்சி. 1940-ல் பிறந்தவங்க. 1939 ஜூலை 8-ம் தேதி காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தலைமையில், உள்ளே நுழையக்கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டவர்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார்களே, அதுவரை கோபுரத்தை வெளியே நின்று கும்பிட்ட குடும்பம் எங்களுடையது. மறு வருசம் பிறந்த பிள்ளைக்குப் பூட்டன் அந்தக் கோயில் ஆத்தா பெயரையே வைத்துவிட்டார்.

அதே தெருவில் அடுத்தடுத்து இன்னும் மூன்று மீனாட்சிகள். நெட்டை மீனாட்சி, கிணத்தடி மீனாட்சி, ஊமையன் மக மீனாட்சி. எங்க அப்பத்தா சந்தையில் அவித்த கடலை விற்றதால் கடலை மீனாட்சி. மாமியார் பெயரைச் சொல்லக்கூடாது என்று அம்மா கடைசிவரை அந்தப் பெயரை உச்சரித்ததே இல்லை. கோயிலுக்குப் போனால்கூட "மதுரை ஆத்தா" என்றுதான் கும்பிடுவார்.

போன மாசம் அப்பத்தா தவறிட்டாங்க. மற்ற மூவரும் முன்பே போய்விட்டார்கள். நடவுக்குப் போனது, பாடிய பாட்டு, பட்ட பாடு எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அது தாங்கவில்லை.

உங்கள் வீட்டில் 1939-க்குப் பிறகு இதே காரணத்துக்காக மீனாட்சி என்று பெயர் வைக்கப்பட்டவர் உண்டா? ஊரில் என்ன பட்டப்பெயர், என்ன வேலை செய்தார், முதல்முறை கோயிலுக்குள் போனதை எப்படிச் சொல்வார்? நினைவிருப்பதை இங்கேயே எழுதுங்கள். எழுத முடியாத பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்து அனுப்பினாலும் போதும், நானே எழுதிக்கொள்கிறேன்.