ரயில் பாதைக்கு மின்கம்பி வந்தாச்சு, டீசல் எஞ்சின் புகைக்கு இனி விதி எதற்கு?

யார்டு தெரு:
எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் சரக்கு யார்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். விடியற்காலை மூன்றரைக்கு, பெட்டிகளைத் தள்ளி இழுத்துச் சேர்க்கும் ஷன்டிங் எஞ்சின் வந்து நின்றால் ஆறு மணி வரை அணைக்காமல் உறுமிக்கொண்டே இருக்கும். கொடியில் காயும் வெள்ளை வேட்டியைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று கரி ஒட்டுகிறது, துளசி இலையைக் கழுவாமல் அம்மா பறிப்பதே இல்லை. லாரிக்கும் பைக்குக்கும் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6) என்ற புகை வரம்பு வந்துவிட்டது, ஆனால் அந்த பாரத் ஸ்டேஜ் கணக்குக்குள் ரயில் எஞ்சின் வராது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. ரயில் எஞ்சினுக்கும் சட்டப்படி ஒரு வரம்பு வேண்டும் என்கிறேன்.

கம்பிவழி:
உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் தீர்வு தப்பு. அகலப்பாதையில் 98 சதவீதத்துக்கு மேல் மின்மயம் ஆகிவிட்டது. ரயில் பெட்டிகளுக்குக் கரண்ட் கொடுக்க டீசல் ஜெனரேட்டர் வண்டி இழுத்துக்கொண்டு போன ரயில்கள்கூட இப்போது எஞ்சின் வழியாகவே மேல் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. போகப்போகிற டீசல் எஞ்சினுக்குப் புகை வடிகட்டி மாட்டக் காசு கொட்டுவானேன்? ஒரு டன் சரக்குக்குக் கணக்குப் பார்த்தால் லாரியைவிட ரயில் எரிக்கும் டீசல் எவ்வளவோ குறைவு. ரயிலுக்குச் செலவை ஏற்றினால் அந்தச் சரக்கு திரும்ப ரோட்டுக்குத்தான் போகும்.

யார்டு தெரு:
டன் கணக்கு நாட்டுக்குச் சரி, என் தெருவுக்கு? மெயின் லைனில் கம்பி வந்தும் யார்டுக்குள் தள்ளுவதும் இழுப்பதும் இன்னும் டீசல்தான், அதுவும் பெரும்பாலும் பழைய எஞ்சின். பேரிடருக்கும் ராணுவத் தேவைக்கும் என்று கொஞ்சம் எஞ்சின்களை எப்படியும் வைத்திருக்கப் போகிறார்கள். அமெரிக்காவில் 1998லேயே விதி போட்டார்கள், புது எஞ்சினுக்கு மட்டும் போட்டுவிட்டு நிறுத்தவில்லை, 1973 முதல் செய்த பழைய எஞ்சினைப் பிரித்து மறுபடி கட்டும்போதும் வரம்புக்குள் கொண்டுவர வேண்டும் என்றார்கள். நம் எஞ்சினும் பெரிய ஓவர்ஹாலுக்குப் போகத்தானே செய்கிறது? எனக்கு இதுதான் முக்கியம், அந்த நேரத்தில் செய்தால் தனியாக நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

கம்பிவழி:
அதே அமெரிக்காவில் கலிபோர்னியா என்ன ஆனது என்றும் சொல்லுங்கள். 2023 ஏப்ரலில், 2030 முதல் 23 வயதைத் தாண்டிய எஞ்சின் ஓடக்கூடாது, அரை மணிக்கு மேல் சும்மா ஓடவிடக்கூடாது என்று எழுதினார்கள். ரயில் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. கடைசியில் 2025 ஜனவரியில் மத்திய அனுமதிக்குக் கொடுத்த மனுவை மாநிலமே திரும்ப வாங்கிக்கொண்டது.

யார்டு தெரு:
அது மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் நடுவே யாருக்கு அதிகாரம் என்ற சண்டை. இங்கே ரயிலும் மத்திய அரசு, விதி போடுவதும் மத்திய அரசு. மனசு வைத்தால் போதும்.

எட்டாம் நாட்ச்:
முப்பது வருஷம் டீசல் ஓட்டி ஓய்வு பெற்றவன், கொஞ்சம் கேளுங்கள் தம்பிகளா. ஆல்கோ என்ற பழைய வகை டீசல் எஞ்சினில் நாட்ச், அதாவது வேகக் கைப்பிடியின் படி, ஏற்றியதும் டீசல் உடனே உள்ளே போய்விடும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ சுற்றி காற்று வர சில நொடி பிடிக்கும். நீங்கள் பார்க்கும் கருப்புப் புகை அந்தச் சில நொடிதான், நிதானமாக நாட்ச் ஏற்றினாலே பாதி குறையும்.

அப்புறம், ஏன் அணைப்பதில்லை என்று கேட்பீர்கள். பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசர் எஞ்சினோடு ஓடுகிறது. அணைத்தால் ரேக்கில், அதாவது கோத்த பெட்டி வரிசையில், காற்று மெல்ல இறங்கும், திரும்ப ஏற்றி முடிப்பதற்குள் கன்ட்ரோலில் இருந்து நாலு போன் வரும். இதற்காகத்தான் புது எஞ்சின்களில் சின்னத் துணை எஞ்சின் வைத்தார்கள். பெரிய எஞ்சின் சும்மா நின்றால் மணிக்குச் சுமார் 25 லிட்டர் குடிக்கும், சின்னது 3 லிட்டர்தான். பேட்டரியையும் காற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கம்பிவழி தம்பி, இது வெட்டிச் செலவு இல்லை, மிச்சமாகும் டீசலே காசு.

கம்பிவழி:
சரி ஐயா, துணை எஞ்சின் விஷயத்தில் மறுப்பில்லை. பழைய எஞ்சினுக்கெல்லாம் வடிகட்டி என்பதைத்தான் இன்னும் ஏற்க முடியவில்லை. அந்தப் பணத்தில் யார்டுக்குள்ளேயே கம்பி இழுக்கலாம்.

யார்டு தெரு:
கம்பி எந்த வருஷம் வரும் என்று யாராவது தேதி எழுதிக் கொடுக்கட்டும், வடிகட்டியை நானும் விட்டுவிடுகிறேன். அதுவரை அரை மணிக்கு மேல் சும்மா நின்றால் அணைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வரட்டும்.

எட்டாம் நாட்ச்:
வரட்டும். அதற்கு முன்னால் பேட்டரியை மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். செத்த பேட்டரியோடு அணைத்த எஞ்சின் மறுபடி கிளம்பாமல் போனால், சார்ஜ் ஷீட் வருவது ஓட்டியவன் பேருக்குத்தான்.