சாக்ரமென்டோ ஏன் கலிஃபோர்னியாவுக்குத் தலைநகரம் ஆச்சு? ஊரோட வரலாறு தெரிஞ்சவங்க சொல்லுங்க

மலர்_கே:
எல்லாருக்கும் வணக்கம். வேலை மாறுனதால சான் ஹோசேல இருந்து அடுத்த மாசம் சாக்ரமென்டோவுக்குக் குடி போறோம். யார்கிட்ட சொன்னாலும் "அங்க என்ன இருக்கு, கவர்ன்மென்ட் ஆஃபீஸும் வெயிலும்தான்"ங்கிறாங்க. பையன் நாலாவது படிக்கிறான், ஸ்கூல்ல கலிஃபோர்னியா வரலாறு நடத்துறாங்க, லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோவெல்லாம் இருக்கும்போது இது ஏன்மா தலைநகரம்னு கேக்குறான். எனக்குப் பதில் தெரியல. போற ஊரைப் பத்தி கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டு போகணும்னு ஆசையா இருக்கு.

ஆத்தோரம்72:
மலர் அக்கா, ஒம்பது வருஷமா இங்கதான் இருக்கேன், அந்தப் பேச்சையெல்லாம் நம்பாதீங்க. தலைநகரம் முதல்ல உங்க சான் ஹோசேலதான் இருந்துச்சு. அப்புறம் வயேஹோவுக்குப் போச்சு, அங்க உறுப்பினருங்க உக்காரவும் படுக்கவும் சரியான இடமே இல்லாம ஒரு வாரத்துலயே கிளம்பி சாக்ரமென்டோ வந்தாங்க, அடுத்து பெனீசியா, கடைசியா 1854ல திரும்ப இங்கயே வந்துட்டாங்க. அந்தக் காலத்துல தங்கம் தேடி மலைக்குப் போற அத்தனை பேரும் சான் ஃபிரான்சிஸ்கோவுல இருந்து படகுல வந்து இறங்குற இடம் இதுதான், ஆளும் பணமும் சரக்கும் இங்கதான் புழங்குச்சு.

ஆனா உங்க பையனுக்குச் சொல்ல வேண்டிய கதை வேற. சாக்ரமென்டோ ஆறும் அமெரிக்கன் ஆறும் கூடுற இடத்துல, தாழ்வான மண்ணுல கட்டுன ஊர் இது. 1850 ஜனவரில வெள்ளம், அதே வருஷம் காலரா, 1852ல பெரிய தீ விபத்து, ஊர்ல பெரும்பகுதி எரிஞ்சு போச்சு. அப்புறம் 1861-62 குளிர்காலத்துல வந்துச்சு பாருங்க வெள்ளம், லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் கவர்னரா பதவி ஏத்துக்கவே துடுப்புப் படகுலதான் போனார், சட்டசபை மிச்ச நாளை சான் ஃபிரான்சிஸ்கோவுல போய் நடத்துச்சு. வேற ஊரா இருந்தா அதோட விட்டுட்டுப் போயிருப்பாங்க. இவங்க தெருவையே தூக்குனாங்க!

நிஜமாத்தான் சொல்றேன். தெருவுக்கு ரெண்டு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி, நடுவுல வண்டி வண்டியா மண்ணைக் கொட்டி பத்தடி வரைக்கும் உயர்த்துனாங்க. கடைக்காரங்க அவங்கவங்க கட்டடத்தை அவங்கவங்க செலவுல தூக்கிக்கணும், அடியில வரிசையா ஜாக்கி வச்சு எல்லாரும் ஒரே நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா திருப்பி ஏத்துனாங்க. வசதி இல்லாதவங்களுக்குத் தரைத்தளமே அண்டர்கிரவுண்டா மாறிடுச்சு. ஓல்ட் சாக்ரமென்டோவுல ஹிஸ்டரி மியூசியம்காரங்க நடத்துற அண்டர்கிரவுண்ட் டூருக்குப் பையனைக் கூட்டிட்டுப் போங்க. படி இறங்குனா ஈரச் செங்கல் வாசனை, பழைய தெருவைப் பாத்த வாசலுக்கு எதிர்ல இப்ப சுவர்தான் நிக்குது, தலைக்கு மேல நடைபாதையில ஆள் நடக்குற சத்தம் கேக்கும். எனக்கு முதல் தடவை உடம்பு சிலிர்த்துருச்சு.

ரயில்பிரியன்:
ஆத்தோரம் அண்ணன் சொன்னதோட ரயிலையும் சேத்துக்கங்க. கண்டத்தைக் கடந்த ரயில்பாதைக்கு மேற்குப் பக்க வேலை 1863 ஜனவரில இந்த ஆத்தங்கரைலதான் ஆரம்பிச்சது. கே ஸ்ட்ரீட்ல இரும்புச் சாமான் கடை வச்சிருந்த ஹன்டிங்டன், ஹாப்கின்ஸ், கூட மேல சொன்ன கவர்னர் ஸ்டான்ஃபோர்ட், கிராக்கர், இந்த நாலு வியாபாரிங்கதான் கம்பெனி. பேரு அவங்களுக்குப் போச்சு, ஆனா சியர்ரா மலையைக் குடைஞ்சு பாதை போட்டதுல பெரும்பாலானவங்க சீனத் தொழிலாளிங்க. ஐ ஸ்ட்ரீட் பக்கம் சீனர்கள் பெரிய குடியிருப்பா இருந்தாங்க, சான் ஃபிரான்சிஸ்கோவை 'பெரிய நகரம்'னும் இதை 'யீ ஃபவ்', அதாவது 'இரண்டாவது நகரம்'னும் சொல்லுவாங்களாம். ஊருக்குத் தெற்கே இருக்குற ஆத்து டெல்டாவுல கரை கட்டுனதுலயும் அவங்க உழைப்பு நிறைய. ரயில்ரோடு மியூசியத்துல 'கவர்னர் ஸ்டான்ஃபோர்ட்' இன்ஜின் நிக்குது, அது கிழக்குக் கரையில இருந்து தென் அமெரிக்காவைச் சுத்திக் கப்பல்ல வந்த இன்ஜின், அதுக்கு முன்னாடி பத்து நிமிஷமாவது நில்லுங்க.

தமிழ்வாசகி:
ஒரு விஷயம், தங்கம் சாக்ரமென்டோவுலயே கிடைச்சதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. கிடைச்சது மலைப் பக்கம் கோலோமாவுல, 1848 ஜனவரி 24, ஜேம்ஸ் மார்ஷல் கண்ணுல பட்டுச்சு, அது ஜான் சட்டர் கட்டிக்கிட்டிருந்த மரம் அறுக்குற மில். சட்டர் 1839லயே இங்க வந்து கோட்டை கட்டுனவர், அந்தக் கோட்டை இன்னும் மிட்டவுன்ல இருக்கு. ஆனா அவர் வர்றதுக்கு முன்னாடியே இது நிசெனான், மிவோக்ங்கிற பூர்வகுடி மக்களோட மண். அவங்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குனதும் சட்டர்தான், 2020ல இங்க இருந்த அவரோட சிலையை எடுத்துட்டாங்க. பையனுக்குக் கோட்டையைக் காட்டும்போது இதையும் சேத்துச் சொல்லுங்க, பிள்ளைங்களுக்குப் புரியும்.

மலர்_கே:
ஐயோ, இவ்வளவு இருக்கா! எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பையன் தெருவைத் தூக்குன கதையை மூணு தடவை படிக்கச் சொன்னான். ஒரே ஒரு பயம், வெள்ளம் இப்பவும் வருமா? வீடு பாக்கும்போது என்ன கவனிக்கணும்?

ஆத்தோரம்72:
நல்ல கேள்வி அக்கா. தங்கத்துக்காக மலையைத் தண்ணி பீய்ச்சி உடைச்சாங்க, அந்த மண்ணெல்லாம் வந்து ஆத்துப் படுகையில சேந்து படுகையே உயர்ந்துபோச்சு, வெள்ளம் மோசமானதுக்கு அது ஒரு முக்கிய காரணம், 1884ல கோர்ட் தீர்ப்பு வந்துதான் அது அடங்குச்சு. அப்புறம் கரைகளை உயர்த்துனாங்க, ஃபோல்சம் அணை வந்துச்சு, ஆறு நிறைஞ்சா தண்ணியைத் திருப்பி விட யோலோ பைபாஸ்னு பெரிய நிலப்பரப்பையே ஒதுக்கி வச்சிருக்காங்க. கோடையில அது நெல் வயல், மழைக்காலத்துல பக்கத்து ஊர் டேவிஸுக்குப் போற ஐ-80 ஹைவே பாலத்துல போனா ரெண்டு பக்கமும் கடல் மாதிரி தண்ணி நிக்கும். ஆனாலும் நட்டோமஸ் மாதிரி தாழ்வான இடம் இருக்கு, அதனால எந்த வீடு பாத்தாலும் அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி அந்த அட்ரஸ வெள்ள அபாய மேப்ல போட்டுப் பாருங்க, வெள்ள இன்சூரன்ஸ் தனியா எடுக்கணும், சாதாரண வீட்டு இன்சூரன்ஸ்ல அது வராது.

வெயில் நிஜம்தான், ஜூலைல 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். ஆனா பெரும்பாலான நாள் சாயங்காலம் ஆனா டெல்டா காத்து வீசும், ஜன்னலைத் தொறந்து வச்சாப் போதும். கோடையில வந்தீங்கன்னா பையனை ஒரு நாள் இருட்டுற நேரத்துல அந்த யோலோ பைபாஸ் பாலத்துக்குப் பக்கத்துல கூட்டிட்டுப் போங்க, பாலத்துக்கு அடியில தங்குற வவ்வாலுங்க லட்சக்கணக்குல ஒரே நேரத்துல கிளம்பும், தூரத்துல இருந்து பாக்க வானத்துல புகை நெளிஞ்சு போற மாதிரியே இருக்கும்.