மறு: ‘ப்ரீடர்’ – ‘இனப்பெருக்கி’ வேண்டாம்

எல்லோருக்கும் வணக்கம். நாடகத்தில் வரும் ‘ப்ரீடர்’ (breeder) என்ற ஆங்கில வசைக்குத் திரையில் என்ன தமிழ்ச் சொல் போடுவது என்ற பேச்சுக்கு இது என் பதில்.

> ‘இனப்பெருக்கி’ பாடநூலோடு ஒத்துப்போகும், பொருளும் நேராக இருக்கிறது.

ஏற்க முடியவில்லை ஐயா. வெள்ளிக்கிழமை வெள்ளவத்தையில் நாடகம், தமிழ் வரிகள் திரையில் ஓட வேண்டும், அவசரம் எனக்குத்தான். ஆனாலும் கொழும்பில் ‘இனம்’ என்றால் யாருக்கு உயிரியல் பாடம் ஞாபகம் வரும்? 2018 பெப்ரவரியில் அம்பாறையில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்ற புரளியில் முஸ்லிம் ஒருவரின் கடையை அடித்தார்களே, அதற்குப் பின்னால் இருந்தது ‘இனத்தைப் பெருக்குகிறார்கள்’ என்ற வசைதான். நாடகத்தில் தன்பாலீர்ப்பாளனான தம்பி, பிள்ளை பிறந்தபின் தன்னை வீட்டுப்படி ஏற விடாத அக்காவிடம் சொல்லுவது அது அல்ல. ஆங்கிலத்தில் மாடும் நாயும் விருத்தி செய்பவருக்கான சொல்லை எடுத்து, பிள்ளை பெற்ற எதிர்ப்பாலீர்ப்பினர் மேல் எறிகிறான். அமெரிக்காவில் அடிமைப் பெண்களைச் சுட்டிய சொல்லும் அதுதான்.

> ‘ஈனி’ என்போம், ‘ஈனம்’ அதே வேர், வசையும் தானாக வரும்.

இல்லை. ஈனம் வடமொழி ‘ஹீன’, ஈன் நம்முடையது. ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்ற புறநானூற்றுத் தாயும் ‘ஈன்ற பொழுதின்’ என்ற குறளும் இருக்க, அந்த வேரில் இழிவு ஒட்டவே ஒட்டாது. வசை வேண்டுமானால் தொல்காப்பியத்தின் மரபியலுக்குப் போங்கள். ‘குழவியும் மகவும் ஆயிரண் டல்லவை கிழவ அல்ல மக்கட் கண்ணே’ என்கிறார் தொல்காப்பியர், அதாவது மனிதப் பிள்ளைக்குக் குழவி, மகவு இரண்டுமே உரியவை, குட்டியைக் கீரிக்கும் எலிக்கும் அணிலுக்கும் தருகிறார். மனிதப் பிள்ளையைக் குட்டி என்பது செல்லமாகவும் வரும், ஆனால் ‘குட்டி போடுவது’ என்றால் மரபை உடைத்துத் தாயை விலங்காக்குவது. இங்கே நமக்கு வேண்டியது அந்த உடைப்புத்தான், அதனால் ‘குட்டிபோடி’ என்று முன்வைத்தேன்.

தாய்மாரை இழிக்கும் சொல்லை நாமே உண்டாக்குவதா, ‘பெற்றவர்’ என்று போடுங்கள் என்று அக்கா எழுதியிருந்தீர்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் பெறாதவளுக்கு ‘மலடி’ என்று எத்தனை காலமாக வைத்திருக்கிறோம்! இந்த நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு நாடகத்துத் தம்பியைப் போன்றவர்களை இன்னும் குற்றவாளி என்கிறது, 1995இல் பெண்களையும் அதற்குள் இழுத்தார்கள். அப்படி நசுக்கப்பட்டவனின் வாயிலிருந்து வரும் வசையை நாம் மென்மையாக்கினால் அவன் கோபத்தையும் சேர்த்து மறைக்கிறோம். பாலினச் சிறுபான்மையினரைக் குறிக்கத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட சொல்தொகுப்பு மதிப்பான சொற்களுக்கானது, அது இதற்கு உதவாது.

—

இரண்டாவது மடல், வியாழன் இரவு.

திரையில் ‘குட்டிபோடி’யைப் பார்த்த பிள்ளை ஒருத்தி ‘குட்டி, போடி!’ என்று வாசித்தாள். சரி, அந்தச் சொல் போயிற்று. பேச்சுவழக்கிலேயே ‘குட்டிபோடுறவள்’ என்று வைத்தேன். பன்மைக்கு ‘குட்டிபோடுறவை’ எனலாமா என்று அண்ணை கேட்கிறார். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘அவை’ உயர்திணை, இலக்கணத்தில் அஃறிணை. இரண்டும் ஒரே சொல்லில் நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இந்த நாடகத்தில் பன்மை வரவில்லை.

ஐயா ‘ஈனி’யை விடவில்லை, அக்கா ‘பெற்றவர்’தான் என்கிறார், மற்ற நால்வர் ‘சரி, போடுங்கள்’ என்றார்கள். திரை வரிகளின் கோப்பை அனுப்பிவிட்டேன்.