புதுப்பிப்பு: பவுடர் மெஷர் தடுமாறியதற்குக் காரணம் மேசைதான்

இரண்டு வாரம் முன்பு இங்கே கேட்டிருந்தேன். டெக்சாஸில் என் வீட்டு கராஜில், சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை மறுநிரப்ப ஒரு சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸும் (ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் செய்யும் அழுத்துக் கருவி) பவுடர் மெஷரும் (வெடிமருந்தை அளந்து விடும் கருவி) ஒரே மேசையில் பொருத்தியிருந்தேன். மெஷரிலிருந்து விழும் வெடிமருந்து 0.3 கிரெய்ன் (எடை அலகு) வரை கூடியும் குறைந்தும் வந்தது.

மெஷரில் குறையே இல்லை. அது எடையைப் பார்ப்பதில்லை, கொள்ளளவைத்தான் அளக்கிறது. பிரஸ்ஸில் கேஸை (தோட்டாக் கூட்டை) அழுத்தும்போதெல்லாம் மேசை அதிர, மேலே குடுவையில் இருக்கும் மருந்து இறுகிவிடுகிறது. இறுகிய மருந்து மெஷரின் அதே அளவுக் குழிக்குள் கூடுதலாகப் புகுந்துவிடும். 1 கிரெய்ன் என்பதே ஏறக்குறைய 65 மில்லிகிராம்தான். ஆனால் சின்னக் கைத்துப்பாக்கித் தோட்டாவில் இந்த 0.3 அலட்சியப்படுத்தக்கூடியது அல்ல.

சரி, என்ன செய்தேன்? மேசையைச் சுவரின் மரச்சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கினேன். மெஷரைத் தனி ஸ்டாண்டுக்கு மாற்றி, குடுவைக்குள் ஒரு தடுப்புத் தகடும் வைத்தேன். குடுவையைப் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. இப்போது உருண்டை மருந்து (உருண்டை மணிகளாக இருப்பது) 0.1 கிரெய்னுக்குள் நிற்கிறது. குச்சி மருந்து (சிறு குச்சிகளாக இருப்பது) மட்டும் இன்னும் குழியின் விளிம்பில் சிக்கி நறுக்கென்று வெட்டுப்படுகிறது. அதைக் கொஞ்சம் குறைவாக விட்டு, தராசில் வைத்து நிரப்புகிறேன்.

அப்புறம், குண்டைப் பொருத்தும் முன் எல்லாக் கேஸ்களையும் தட்டில் நிறுத்தி டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. இரண்டு முறை மருந்து விழுந்த கேஸ் ஒன்று அப்படித்தான் அகப்பட்டது.