ஒரே கிளாஸ்ல டர்போவும் டர்போ இல்லாத வண்டியும்: டிராக்ல உங்களுக்கு நடந்ததை எழுதுங்க

கொழிஞ்சாம்பாறை ஸ்விஃப்ட்

வேலந்தாவளம் தாண்டிப் போய் டிராக் ரேஸ் (ரெண்டு ரெண்டு வண்டியா நேர் ரோட்டுல ஓடற பந்தயம்) ஓட்டறவங்க இங்க நிறையப் பேர் இருக்கீங்க, அதனால அடிப்படையெல்லாம் விளக்கப் போறதில்லைங்க. ஒரே ஒரு ரன் மனசை விட்டுப் போக மாட்டேங்குது, அதைச் சொல்லிடறேன்.

எங்களுது பழைய ஸ்விஃப்ட், 1.3 பெட்ரோல், 1298 சிசி, டர்போ இல்ல. ஓட்டறது தம்பி. ஃபாரத்துல "1400 சிசி வரை"ன்னு ஒரே கிளாஸ் போட்டிருந்தாங்க. பக்கத்து லேன்ல வந்து நின்னது போலோ ஜிடி டிஎஸ்ஐ, டர்போ வண்டி, அதாவது எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்பிக் கூடுதல் சக்தி எடுக்கறது. அது 1197 சிசி, அதனால அதே கிளாஸ். பச்சை விழுந்ததும் தம்பி அருமையா எடுத்தான். முதல் அறுபது அடிக்கு எங்க வண்டிதான் முன்னாடி, வேலி ஓரமா நின்ன எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. மூணாவது கியர் போட அவன் கிளட்ச் மிதிச்சான். எங்க வண்டி சத்தம் அடங்குன அந்த இடைவெளியில போலோவோட பின் லைட் எங்க பானட்டைத் தாண்டிப் போயிருச்சு. அது தானா கியர் மாத்தற டிஎஸ்ஜி, கியர் விழறதே தெரியல.

போலோ ஓட்டுன பையன், ஓடுன நேரம் அச்சடிச்ச டைம் ஸ்லிப்போட எங்க வண்டி நின்ன இடத்துக்கே வந்தான். "அண்ணா, ஸ்டார்ட்ல உங்க தம்பி என்னை அடிச்சிட்டாரு. நாம ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்ல நின்னிருக்கவே கூடாது"ன்னான். ஜெயிச்சவன் வாயால வந்த அந்த வார்த்தைதான் இன்னிக்கும் உறுத்துது.

எங்க எஞ்சினுக்கு 113 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுப்பு), அதுவும் 4500 ஆர்பிஎம் போனாத்தான். அவனுக்கு 1500லேயே 175. உலக அளவுல மோட்டார் பந்தயத்துக்கு விதி போடற எஃப்ஐஏ, பல போட்டிகள்ல கிளாஸ் பிரிக்கறதுக்கு டர்போ பெட்ரோலோட சிசிக்கு 1.7ன்னு ஒரு பெருக்கு எண் வெச்சிருக்காங்க. 1197ஐ அதால பெருக்குனா 2035 சிசி. போலோ போக வேண்டிய கிளாஸ் அது. அடுத்த சீசனுக்கு முன்னாடி போட்டி நடத்தறவங்களுக்கு ஒரு மனு குடுக்கலாம்னு இருக்கோம்.

நகரி டீசல்

அண்ணா, பெட்ரோலுக்கு உங்க கணக்கு சரி. டீசல் என்ன பாவம் செஞ்சது? டர்போ டீசலுக்கு பெருக்கு எண் 1.5. என் ஸ்விஃப்ட் டிடிஐஎஸ் 1248 சிசி, பெருக்குனா 1872. கம்பெனியில இருந்து வந்தப்போ அதுல 75 குதிரைசக்திதான். அதை வெச்சுக்கிட்டு நான் 1800 சிசி சிவிக் பக்கத்துல போய் நிக்கணுமா? பெருக்கு எண் வந்தா உங்க பிரச்சினை தீரும், என்னுது அங்கதான் ஆரம்பிக்கும்.

எனக்கு நடந்தது வேற. ஒரு பிராக்டிஸ் நாள், போட்டி இல்ல. நானும் சிவிக் வெச்சிருக்கிற ஒரு நண்பரும் பிராக்கெட் முறையில ஓடிப் பாத்தோம். ஓடப்போற நேரத்தை அவங்கவங்க முன்கூட்டியே எழுதிக் குடுத்துடணும். நான் 18.6, அவர் 17.2. அதனால எனக்குப் பச்சை 1.4 செகண்ட் முன்னாடி விழுந்துச்சு. எழுதிக் குடுத்ததை விட வேகமா ஓடிட்டா அவுட்.

முக்கால் தூரம் வரைக்கும் கண்ணாடியில சிவிக் சின்னதாத்தான் தெரிஞ்சுது. அப்புறம் கண்ணாடி முழுக்க அதேதான். கடைசியில ரெண்டு வண்டியும் ஒட்டிக்கிட்டே கோட்டைத் தாண்டுச்சு, யார் ஜெயிச்சதுன்னு ஸ்லிப் வர்ற வரைக்கும் எங்களுக்கே தெரியாது. அன்னிக்கு வரைக்கும் என் டீசலை யாரும் திரும்பிப் பாத்ததில்ல. அன்னிக்கு வேலி ஓரம் நின்னவங்க எல்லாரும் கத்துனாங்க. மனுவுல பிராக்கெட் கிளாஸ் ஒண்ணு கட்டாயம் வேணும்.

மீனாட்சிபுரம் ஆல் மோட்டார்

நகரி தம்பி, பிராக்கெட்டோட இன்னொரு முகத்தை நான் பாத்திருக்கேன். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஜெயிச்சுக்கிட்டிருந்த வண்டியோட பிரேக் லைட் எரிஞ்சுது. எழுதிக் குடுத்த நேரத்தை விட வேகமா ஓடிடக் கூடாதுன்னு ஃபைனல்லயே பிரேக் மிதிச்சாரு. ரூல்படி அவர் செஞ்சது சரிதான், கப்பும் அவருக்குத்தான். ஆனா டிராக் ரேஸ்ல முன்னாடி போறவன் பிரேக் மிதிக்கறதை நான் பாக்க விரும்பல. வேணும்னே ரெண்டு செகண்ட் கூட்டி எழுதிக் குடுக்கறவங்களும் இருக்காங்க, அவங்களைப் பிடிக்க ஆள் வேணும்.

டர்போ, நைட்ரஸ் (சக்தியைக் கூட்ட எஞ்சினுக்குள்ள விடற வாயு) ரெண்டும் இல்லாத, முன்சக்கரம் இழுக்கற முன்சக்கர வண்டிகளுக்குத் தனி கிளாஸ் குடுங்க, பாதிச் சண்டை தீந்துடும். இதுவொண்ணும் நானா கண்டுபிடிச்சதில்ல. அமெரிக்காவுல 1990ல பாம்டேல்ல ஹோண்டா பசங்க இம்போர்ட் டிராக், அதாவது வெளிநாட்டு வண்டிகளுக்கான டிராக் ரேஸ் ஆரம்பிச்சாங்க, பின்னாடி அங்க டிராக் ரேஸ் நடத்தற பெரிய அமைப்பான என்ஹெச்ஆர்ஏவே ஸ்போர்ட் காம்பாக்ட்டுங்கிற சின்ன வண்டிகளுக்குன்னு தனி சீரீஸ் நடத்துச்சு. அதுல டர்போ, நைட்ரஸ் இல்லாத வண்டிகளுக்கு ஆல் மோட்டார்னு ஒரு கிளாஸ், முன்சக்கர வண்டிகளுக்குத் தனியா ஒரு கிளாஸ். முன்சக்கர வண்டியோட கஷ்டம் ஓட்டறவனுக்குத்தான் தெரியும். கிளம்பும்போது எடை பின்னாடி சாயும், இழுக்கற சக்கரம் லேசாகி வழுக்கும். அதுக்காகவே அங்க முன்சக்கர வண்டிகளுக்கும் பின்பக்கம் வீலி பார் (வண்டி பின்னாடி சாயாம தாங்கற, சின்னச் சக்கரம் வெச்ச கம்பி) மாட்டுனாங்க. நம்ம ஊர் எஸ்டீம், பழைய விடெக் சிட்டி, பாலியோ 1.6 எல்லாம் இந்த ஒரு கிளாஸ்ல உயிரோட இருக்கும்.

கொழிஞ்சாம்பாறைத் தம்பி, ஒண்ணு கவனிங்க. கிளாஸ் கூடக் கூட ஒவ்வொண்ணுலயும் வண்டி குறையும். மூணு வண்டி மட்டும் நிக்கற கிளாஸ்ல கப் வாங்கறதுல என்ன இருக்கு? அந்த என்ஹெச்ஆர்ஏ சீரீஸே 2007க்கு மேல ஓடல.

சித்தூர் அக்கா

எல்லாரும் சிசி சிசின்னு பேசறீங்க. என் வண்டிக்கு சிசியே கிடையாது. நெக்ஸான் இவி, பேட்டரியில ஓடற கார். பேர் குடுக்கப் போன இடத்துல ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, கடைசியில "காட்சிக்கு மட்டும்"னு எழுதி ஒரு ரன் விட்டாங்க, டைம் ஸ்லிப் குடுக்கல. பச்சை விழுந்ததும் முன் டயர் ரெண்டும் கீச்சுன்னு கத்துனதைத் தவிர வேற சத்தமே இல்ல, பக்கத்துல நின்ன மார்ஷல் திடுக்கிட்டு ஒரு எட்டு பின்வாங்குனாரு. எத்தன செகண்ட்ல ஓடினேன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. மனுவுல எங்களையும் சேத்துக்குங்க தம்பி. கிளம்பும்போது பேட்டரி எத்தன சதவீதம் இருக்கணும்னும் ஒரு வரி எழுதுங்க. சார்ஜ் குறைஞ்சா இழுப்பும் குறையும்.

வாளையார் ஒர்க்‌ஷாப்

என் கதை சின்னது. ஆடி மாசம், காலையில நல்ல நேரம் எடுத்த வண்டி மதியத்துக்கு மேல அதே நேரத்தை எடுக்கவே இல்ல. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எதிர்ல அடிச்சா எந்த கிளாஸ் போட்டும் பிரயோஜனமில்ல.

அதை விட முக்கியமான சிலதைச் சொல்றேன், கேட்டுக்குங்க. மதிய வெயில்ல டர்போ வண்டியை வரிசையில எஞ்சின் ஓட விட்டு நிறுத்தாதீங்க. டர்போ காத்தைக் குளிர வைக்கற இன்டர்கூலர் சூடேறிப் போச்சுன்னா இருக்கற சக்தியும் போகும். முன்சக்கர வண்டின்னா முன் டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைங்க, பின் டயர்ல குறைக்காதீங்க. ரொம்பவும் குறைச்சுட்டா அந்த வேகத்துல வண்டி அலையும். டிக்கியில இருக்கற ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணி பாட்டில் எல்லாத்தையும் இறக்கிடுங்க. டிரைவர் காலடி விரிப்பை மொதல்ல எடுங்க, ஆக்ஸிலேட்டர்ல மாட்டிக்கும். பேட்டரி கிளாம்ப் ஆடுதான்னு கையால ஆட்டிப் பாருங்க. ஹெல்மெட் இரவல் வாங்காதீங்க, அது உங்க தலை அளவுக்கு இருக்கணும்.

இன்னொண்ணு, இதை நான் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன். நேரம் பாக்கறேன்னு வாளையார் பக்கம் நாற்கர ரோட்டுல யாரும் ஓட்டாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவுல முதல் தடவையே மூணு மாசம் வரைக்கும் ஜெயிலோ 5000 ரூபாய் வரைக்கும் அபராதமோ ரெண்டுமோ போடலாம். அது போகட்டும், ராத்திரி அந்த ரோட்டுல லைட் இல்லாம லாரி நிக்கும். அப்படி மோதின ஒரு வண்டியை என் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் இழுத்துட்டு வந்தாங்க. ஸ்டியரிங் டிரைவர் சீட்டுல கிடந்துச்சு.

கொழிஞ்சாம்பாறை ஸ்விஃப்ட்

எல்லாருக்கும் நன்றிங்க. மீனாட்சிபுரம் அண்ணன் சொன்ன மாதிரி கிளாஸை அடுக்கிக்கிட்டே போகப் போறதில்ல. நாலு மட்டும் கேக்கறோம்: டர்போ இல்லாத முன்சக்கர வண்டிக்கு ஒண்ணு, டர்போ பெட்ரோலுக்கு 1.7 கணக்குல ஒண்ணு, எந்த வண்டியும் வரலாம்னு பிராக்கெட் ஒண்ணு, இவிக்கு ஒண்ணு. நகரித் தம்பி, டீசல் இப்போதைக்கு பிராக்கெட்லதான். டீசலுக்குத் தனியா ஒண்ணு கேட்டா வண்டி சேராதுன்னு எனக்குத் தோணுது.

பாக்கி இருக்கறது ரீமேப், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரோட செட்டிங்கை மாத்தி சக்தியைக் கூட்டறது. பானட்டைத் திறந்து பாத்தா ரீமேப் தெரியாது. ஒவ்வொரு வண்டியையும் சக்தியை அளக்கற டைனோ மெஷின்ல ஏத்தறதுன்னா நேரமும் ஆகும், காசும் ஆகும். எடையாவது பாக்கலாம். இங்க லாரி எடை மேடையில எங்க ஸ்விஃப்ட்டை ஏத்திப் பாத்தோம், சில கிலோ முன்னபின்ன இருந்தாலும் யார் சீட்டையும் கதவு பேடையும் கழட்டிட்டு வர்றாங்கன்னு கண்டுபிடிக்க அது போதும். ரீமேப்பைப் பிடிக்க டைனோ இல்லாம வேற வழி தெரிஞ்சவங்க எழுதுங்க, மனுவுல அந்தப் பத்தி மட்டும் இன்னும் காலியா இருக்கு.