அட்டூவின் கன் தீவில் அவ்வளவு நீளமான ஓடுபாதை எதற்காக?

கருங்கல் வாசகன்:

என் சித்தி மகள் மூன்று ஆண்டுகளாக மாலத்தீவின் தென்கோடியில் உள்ள அட்டூ பவழத்திட்டில் ஆசிரியையாக இருக்கிறாள். சென்ற வாரம் விமானத்தின் சன்னலில் இருந்து எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். சைக்கிளில் அரை மணி நேரத்தில் சுற்றிவிடக்கூடிய கன் என்ற தீவு. அதன் ஒரு கரையில் தொடங்கி மறு கரை வரைக்கும் ஓடுபாதை. பிரிட்டிஷ்காரர்கள் போட்டது என்றும், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அதன்மேல் குண்டு வீசினார்கள் என்றும் அங்கே யாரோ சொன்னார்களாம். குமரிமுனையில் இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளி, நிலநடுக்கோட்டையும் தாண்டிக் கிடக்கும் இந்தத் தீவில் அப்படி என்னதான் தேவை இருந்தது? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தக்கலை முதியவர்:

தம்பி, முதலில் அந்தக் குண்டுவீச்சுக் கதையை ஒதுக்கிவிடுவோம். 1941-இல் பிரிட்டிஷ் கடற்படை அட்டூவில் மறைவாக ஒரு துறையை அமைத்து, அதற்கு ‘போர்ட் டி’ என்று குறிப்பெயர் வைத்தது. பவழப்பாறையைச் சமன்படுத்தி விமானப் பாதையும் போட்டார்கள். உள்கடலில் கட்டலினா பறக்கும் படகுகள் இறங்கின. 1942 ஏப்ரல் 4-ஆம் தேதி இலங்கையின் கொக்கலையில் இருந்து கிளம்பிய ஒரு கட்டலினாதான் ஜப்பானியக் கப்பல்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பியது. அதை ஓட்டிய கனடா நாட்டவர் லெனார்டு பர்ச்சால் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். அதே நாளில் பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில்லின் கப்பல்கள் எண்ணெயும் தண்ணீரும் நிரப்பிக்கொள்ள அட்டூவுக்கு வந்திருந்தன. அந்தத் துறை இருப்பதே ஜப்பானியருக்குத் தெரியாது. அவர்கள் 5-ஆம் தேதி கொழும்பையும் 9-ஆம் தேதி திருகோணமலையையும் தாக்கிவிட்டுத் திரும்பினார்கள்.

நீங்கள் படத்தில் பார்த்த நீளப் பாதையின் கதை அதற்குப் பின்னால் வருவது. 1957-இல் இலங்கையின் பண்டாரநாயக்க அரசு கேட்டுக்கொண்டதால், கட்டுநாயக்க விமானதளத்தையும் திருகோணமலைத் துறையையும் பிரிட்டிஷார் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஏமன் கரையில் உள்ள ஏடனில் இருந்து சிங்கப்பூருக்குப் போகும் படைவிமானங்களுக்கு நடுவழியில் இறங்க வேறு இடம் வேண்டியிருந்தது. வரைபடத்தை எடுத்து அளந்து பாருங்கள்: ஏடனில் இருந்து கன் வரைக்கும் ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அதே தூரம்.

நம் ஊர்ப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்தூண்கள், மேலே குறுக்காக ஒரு பாளக்கல். குளச்சலில் இருந்து மீன்கூடை சுமந்து வந்த பெண்கள், பிறர் கை உதவி இல்லாமல் கூடையை அதன்மேல் நகர்த்தி வைத்து மூச்சு வாங்குவார்கள். தலைக்குச் சரியான உயரம். கன் அந்த வகைக் கல்தான். ஹேஸ்டிங்ஸ், பிரிட்டானியா, காமெட் போன்ற விமானங்கள் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. வல்கன், விக்டர் குண்டுவீச்சு விமானங்களும் அந்த வழியாகவே கிழக்கே சென்றன. அங்கேயே தங்கி வேலை செய்தவை என்றால் கடலில் தேடவும் மீட்கவும் வைத்திருந்த ஷேக்கிள்டன் விமானங்களைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1967 நவம்பரில் ஏடனை விட்டார்கள்; சிங்கப்பூர்ப் படையில் பெரும்பகுதியை 1971 முடிவதற்குள் விலக்கிக்கொண்டார்கள். இரு முனையிலும் சுமை இல்லாமல் போனபின் நடுவழிக் கல்லுக்கு என்ன வேலை? 1976 மார்ச்சில் கன் தளத்தையும் மூடினார்கள்.

வள்ளவிளைக்காரன்:

பெரியவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஜப்பானியர் தொடவில்லை என்றாலும் அட்டூ அடி வாங்காமல் தப்பவில்லை. 1944 மார்ச் 9-ஆம் தேதி ‘யு-183’ என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, பவழத்திட்டுக்கு வெளியே நின்றபடி, நுழைவாயிலில் போட்டிருந்த காப்புவலையின் இடைவெளி வழியாக டார்பிடோ செலுத்தி, உள்ளே நின்ற ‘பிரிட்டிஷ் லாயல்டி’ என்ற எண்ணெய்க்கப்பலைத் தாக்கியது. வாய் எவ்வளவு குறுகியது என்பதை அந்தப் பக்கம் கடலோடியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கரையில் இருந்து சுறாவுக்கும் சூரைக்கும் தெற்கே போகும் படகுகள் எல்லை கடந்துவிடக் கூடாது என்று அஞ்சிக்கொண்டே அந்தத் தீவுகளை ஒட்டிப் போவது வழக்கம். நிலம் ஆள் உயரத்தைத் தாண்டுவதே அரிது என்பதால், முதலில் கண்ணில் படுவது கரை அன்று. கடலில் முளைத்ததுபோல் நிற்கும் தென்னந்தலைகள்தாம். அப்படிப்பட்ட இடத்தில் கப்பலை ஒளித்துவைக்கலாம் என்று கண்டவர்களுக்குக் கடல் தெரிந்திருக்கிறது.

இன்னும் ஏறத்தாழ 730 கிலோமீட்டர் தெற்கே போனால், அமெரிக்கப் படைத்தளம் உள்ள தியேகோ கார்சியா தீவு. அந்தப் பெயரைக் கேட்டாலே தூத்தூர் வட்டாரத்து வீடுகளில் முகம் மாறும்; அத்துமீறியதாக அங்கே பிடிபட்டவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். கன் மூடப்பட்ட காலத்தில் அந்தத் தளம் வளர்ந்துகொண்டிருந்தது.

கருங்கல் வாசகன்:

இருவருக்கும் நன்றி. அந்தத் தீவில் முன்பு குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? இப்போது அங்கே ஊர் என்று ஒன்றும் இல்லை என்கிறாள் தங்கை.

தக்கலை முதியவர்:

அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. ஓடுபாதைக்காகக் கன் மக்களைப் பக்கத்துத் தீவான ஃபெய்தூவுக்குப் பெயர்த்தார்கள். அங்கே இடம் போதாமல் ஃபெய்தூ மக்களில் பலர் மரதூவுக்குப் போக வேண்டியதாயிற்று. மரதூவில் ஒரு பகுதிக்கு மரதூ-ஃபெய்தூ என்ற பெயர் வந்தது இதனால்தான்.

ஆனால் தளத்தால் அட்டூ மக்களுக்குக் கூலிவேலையும் கையில் காசும் கிடைத்தன. 1956-இல் ஆண்டுக்கு 2,000 பவுன் வாடகைக்கு 100 ஆண்டுக் குத்தகை என்று முடிவாகியிருந்ததை, அடுத்த ஆண்டு மாலத்தீவின் பிரதமரான இப்ராகிம் நாசிர் ஏற்க மறுத்தார். வாடகை கூட வேண்டும், ஆண்டு குறைய வேண்டும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். தலைநகர் மாலேயின் கெடுபிடியும் வரியும் பொறுக்காமல், 1959 சனவரியில் அட்டூவும் அதை அடுத்த இரண்டு தென்பகுதிப் பவழத்திட்டுகளும் சுவாதீவு ஐக்கியக் குடியரசு என்று பிரிந்தன. தலைவர் அப்துல்லா அஃபீஃப் தீதி. 1960-இல் மாலே அரசோடு 30 ஆண்டு உடன்பாடு கிடைத்ததும் பிரிட்டிஷார் அந்தக் குடியரசைக் கைவிட்டு மெல்ல நழுவினார்கள். 1963-இல் குடியரசு முடிந்தது. அஃபீஃபைத் தங்கள் கப்பலிலேயே ஏற்றிச் செஷல்சில் விட்டார்கள்.

வள்ளவிளைக்காரன்:

அந்த எண்ணெய்க்கப்பலைப் பிறகு மிதக்கவைத்து, 1946-இல் உள்கடலிலேயே மூழ்கடித்தார்கள். தங்கைக்கு நீச்சல் பழக்கம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மரதூவுக்கும் ஹிததூவுக்கும் இடைப்பட்ட நீரில், முக்குளிப்போர் பார்க்கும்படி அது இன்னும் கிடக்கிறது.