வெறும் பாறையில் முதலில் குடியேறியது யார்? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

நான் தொடங்கி வைக்கிறேன். எப்போதோ வேலை நின்றுபோன ஒரு கல்குவாரிக்கு அடிக்கடி போவேன். வெடிவைத்துப் பிளந்த பாறை, ஒரு பிடி மண் கிடையாது. அதில் அங்கங்கே சாம்பல் நிறத் திட்டுகள் இருந்தன. கறை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு கோடையில் கையிலிருந்த தண்ணீர் அதன்மேல் சிந்தியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திட்டு பச்சையாக மாறியது! உடம்பு சிலிர்த்துவிட்டது.

அது லைக்கன். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பாசி வெயிலில் உணவு சமைக்கும், பூஞ்சை பாறையைப் பற்றிக்கொண்டு ஈரத்தைப் பிடித்துவைக்கும். பூஞ்சையின் இழைகள் கல்லின் மணிகளுக்கு இடையே நுழைந்து, நனையும்போது உப்பி, காயும்போது சுருங்கும். அதிலிருந்து கசியும் அமிலமும் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். உதிர்ந்த துகள், காற்றில் வந்த தூசி, செத்த லைக்கன் எல்லாம் சேர்ந்ததுதான் அங்கே முதல் மண். ஒரு திட்டைச் சுற்றிக் கோடு போட்டு வைத்தேன். ஆறு வருடத்தில் நான்கு மில்லிமீட்டர்தான் வளர்ந்தது. என்ன பொறுமை!

—

நண்பரே, அருமையான பதிவு. ஆனால் முதலில் வருவது லைக்கன் போன்றவைதான் என்று நானும் நம்பியிருந்தேன், எரிமலைக் குழம்பு உறைந்த ஒரு நிலத்தில் நடக்கும்வரை. கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு. குனிந்து பார்த்தால் ஒரு வெடிப்பில் சிலந்தி வலை! இங்கே எதைத் தின்று பிழைக்கிறது என்று புரியவில்லை. அப்புறம் தேடிப் படித்தேன். 1883-இல் வெடித்துச் சிதறிய இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலைத் தீவில், அடுத்த ஆண்டு மே மாதம் போய்த் தேடியவர்கள் கண்ட ஒரே உயிர் ஒரு சிறு சிலந்திதானாம். சிலந்திக் குஞ்சுகள் நூலை விட்டுக் காற்றில் பறந்து கடலையே தாண்டும். காற்று பூச்சிகளையும் கொண்டுவந்து கொட்டுகிறது. அவைதான் சாப்பாடு. மிச்சம் அங்கேயே மக்கி, பின்னால் வரும் செடிக்கு நைட்ரஜன் ஆகிறது.

—

உங்கள் பதிலைப் படித்ததும் போன ஞாயிறு டார்ச்சோடு குவாரிக்குப் போனேன். இத்தனை வருடம் நான் எட்டிப் பார்க்காத இடுக்கு ஒன்றில் பழைய வலை. அதன் அடியில் பூச்சி இறகுகளும் தூசியும் ஒரு விரல்நுனி அளவு சேர்ந்திருந்தன. அந்தக் குவியலில் வெல்வெட் போல ஒரு துளி மாஸ் என்னும் பாசிச்செடி. இனி அந்த இடுக்கையும் கணக்கில் வைத்துக்கொள்வேன்.